யாருக்கும் இல்லாத வியாழக்கிழமைத் தண்ணீர்

சூரியக் கடிகாரத்தின் சுவரடியில் கூடியிருக்கும் இந்தச் சபையின் தலைவர், எங்கள் ஷாந்த்மோர் ஊராட்சியின் தலைவர், தியெரி பொனாஃபு அவர்களே! மார்செய் மாநகரிலிருந்து மலையேறி, வளைவுக்கு வளைவு வயிறு கலங்கி, வந்ததும் வராததுமாக ஒரு நாற்காலி கேட்டு வாங்கி அமர்ந்திருக்கும் சுற்றுலாக் கழகத்து நொயேமி அம்மையார் அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! விடியற்காலையிலிருந்து மாவு பிசைந்து, உருளைக்கிழங்கு அடைத்து, எண்ணெயில் பொரித்தெடுத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! உட்காரச் சொல்லியும் உட்காராமல் கடைசியில் ஒதுங்கி நிற்கும் வல்பியேர் ஊரின் அன்புச் சகோதரர்களே! மூன்றாவது வரிசையின் வலது ஓரத்தில், வைக்கோல் தொப்பியோடு, என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சொலான்ஜ் திஸ்தியே அவர்களே! உங்கள் அனைவருக்கும், மேல்வீட்டு ஒதில் எஸ்கலியேயின் பணிவான வணக்கம்.

என்ன சலசலப்பு? ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்? நாற்பத்தேழு ஆண்டுகளாக எஸ்கலியே வீட்டார் வாயில் திஸ்தியே வீட்டுப் பெயர் வந்ததில்லை. இன்று வந்துவிட்டது. வானம் இடிந்து விழுந்துவிட்டதா? மலை நகர்ந்துவிட்டதா? இல்லையே! உட்காருங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிடம். கொடுத்த தலைப்பு, "நம் மண்டலத்தின் நிலம், வரலாறு, காண வேண்டிய இடங்கள்." தலைவர் நேற்று என் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "டீச்சர், முப்பத்தஞ்சு வருசம் பூகோளம் நடத்துன ஆளு நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா? வந்தவங்க கைதட்டுற மாதிரி நாலு வார்த்த பேசிட்டு, பயணிகளுக்காக வச்சிருக்கிற புதுப் பலகைய மூடியிருக்கிற துணிய இழுத்து விட்டுருங்க. ஆனா சுருக்கமா முடிங்க. பொரிச்சதெல்லாம் ஆறிப்போயிரும்." தலைவர் அவர்களே, பொரித்தது ஆறினால் ஆறட்டும். நாற்பத்தேழு ஆண்டுகளாக ஆறாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை.

முதலில் நிலம். நம் மண்டலத்தின் பெயர் என்ன? புரோவான்ஸ், ஆல்ப்ஸ், கோத் தஸூர். மூன்று பெயரை முடிச்சுப் போட்டு ஒரே பெயராக்கியிருக்கிறார்கள். முதலில் புரோவான்ஸ், முடிவில் நீலக் கடற்கரை, நடுவில் ஆல்ப்ஸ் மலையில் நாம். கல்யாணப் படம் என்றால் நடுவில் நிற்பவர்தான் மாப்பிள்ளை. இந்தப் படத்தில் மட்டும் நடுவில் நிற்பவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை! போன வாரம் யாரோ ஒரு பயணக் கையேட்டை என் கையில் திணித்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடலுக்கு எழுபது. ஊதாப் பூ வயல்களுக்கு இருபது. பாப்பரசர்களின் அரண்மனைக்கும் ரோமானியர்களின் கல்வளைவுகளுக்கும் மிச்சமெல்லாம். நமக்கு மூன்றே மூன்று பக்கம். அதிலும் ஒரு பக்கம் பனிச்சறுக்குக் கட்டை விளம்பரம். சிரிக்காதீர்கள் நொயேமி அம்மா, அது நீங்கள் அச்சடித்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் கேட்கிறேன். கடலில் குளித்து எழுந்தவன் உடம்பிலுள்ள உப்பை எந்தத் தண்ணீரில் கழுவுகிறான்? மார்செய்யின் மாடிவீட்டில் காலைக் காப்பிக்கு எந்தத் தண்ணீர் கொதிக்கிறது? தாழ்நிலத்துத் தக்காளியும் தர்ப்பூசணியும் எந்தத் தண்ணீரைக் குடித்துத் தளதளக்கின்றன? நம் தண்ணீர்! நம் சிகரத்தில் உருகி, நம் பள்ளத்தாக்கில் பெருகி, துய்ரான்ஸ் ஆறு என்று பெயர் வாங்கி, தடுத்த பாறையைத் தகர்த்துத் தெற்கே ஓடும் நம் தண்ணீர்! ஆகவே நிலம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் ஒரே வரியில் சொல்வேன். நம் மண்டலம், மேலே இருப்பவர்கள் விட்டால் கீழே இருப்பவர்கள் குடிக்கிற மண்டலம்.

அடுத்தது வரலாறு. வரலாறு என்றால் ராஜாக்களா? போர்களா? என் தாயார் பிறந்த வீடு இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? ஏரிக்கு அடியில். அணை கட்டினார்கள். கட்ட வேண்டிய அணைதான். நான் குறை சொல்லவில்லை. ஊரைக் காலி செய்தார்கள். கல்லறைகளைக்கூடத் தோண்டி எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தண்ணீர் ஏறியது. இன்று அதன்மேல் வண்ண வண்ணப் பாய்மரம் கட்டிப் படகு விடுகிறார்கள். என் தாயார் கடைசிவரை அந்த ஏரியில் கால் நனைக்கவில்லை. "அடுப்பங்கரை மேல எப்படிடி நீச்சல் அடிக்கிறது?" என்பார். முகம் தெரியாத ஊர்களின் தாகத்துக்காகத் தங்கள் அடுப்பங்கரையைக் கொடுத்தவர்கள் இந்த மலைக்காரர்கள். அப்படிப்பட்ட இந்த ஊரில்தான், அடுத்த ஊருக்கு ஒரு மணி நேரத் தண்ணீரைக் கொடுக்காமல் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஒரு குடும்பமா? இல்லை. இரண்டு.

வல்பியேர் சகோதரர்களே, இன்னும் கொஞ்சம் முன்னால் வாருங்கள். இது உங்கள் கதையும்தான்.

மூன்றாவது, காண வேண்டிய இடம். எனக்குப் பின்னால் இருக்கிறது, பாருங்கள். இந்தச் சிற்றாலயத்தின் தெற்குச் சுவரில், வண்ணம் புதுப்பித்து, கம்பி மாற்றி, மணப்பெண் மாதிரி நிற்கிறதே, இந்தச் சூரியக் கடிகாரம். இதைப் பார்க்கத்தான் இனிமேல் பயணிகள் வரப்போகிறார்கள். வரட்டும். வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், போவார்கள். ஆனால் இது படம் எடுப்பதற்காக வைத்த பொருளில்லை. இது எங்கள் நீதிபதி. எங்கள் வாய்க்காலின் முறை இந்த நிழலில்தான் எழுதியிருக்கிறது.

வியாழக்கிழமை முறை என்ன? சூரியன் இந்தச் சுவரில் விழுந்த நொடியிலிருந்து நண்பகல் வரை தண்ணீர் எஸ்கலியே வீட்டுக்கு. நண்பகலிலிருந்து சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை திஸ்தியே வீட்டுக்கு. மேல்கொல்லை எங்களுடையது, கீழ்க்கொல்லை அவர்களுடையது. நண்பகல் என்பது எது? நிழல் இந்த நேர்க்கோட்டைத் தொடுவது. தொட்டதும், முறைக்காரர் ஃபிர்மேன், வாய்க்காலுக்கும் மணிக்கூண்டுக்கும் அவர் ஒருவரே காவல், கயிற்றை இழுத்து மணி அடிப்பார். எங்கள் மணிக்கூண்டுக் கடிகாரத்தையும் அவர் இந்த நிழலைப் பார்த்தே திருப்பி வைத்திருந்தார். பாரிஸ் கடிகாரத்தோடு அது ஒத்துப்போகாது. யார் கவலைப்பட்டார்கள்? ரயிலுக்குப் போகிறவன் மட்டும் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புவான். நிழலும் மணியும் ஒன்றாக இருந்தவரை ஊரும் ஒன்றாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறீர்கள், எனக்குக் கேட்கிறது. அந்த வசந்தத்தில்தான் அரசாங்கம் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொன்னது. ஃபிர்மேன் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். ஏணி போட்டு ஏறினார்; முள்ளைத் தள்ளினார்; இறங்கினார். முள் நகர்ந்தது. சூரியன் நகருமா? ஆக, காலையில் எங்கள் முறை தொடங்குவது சூரியனைப் பார்த்து. மாலையில் அவர்கள் முறை முடிவதும் சூரியனைப் பார்த்து. நடுவிலிருந்த நண்பகல் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது! எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் போச்சு, அவர்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. இப்படி ஒரு தவற்றை உலகத்தில் வேறு எந்த ஊராவது செய்திருக்குமா?

அதே ஆண்டுதான் அந்தப் பொல்லாத வறட்சியும் வந்தது. மே மாதத்தில் புல் வெளுத்தது. ஜூனில் வாய்க்கால் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியது. என் மாமனார் எமே எஸ்கலியே, மடையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார். எதிரே சொலான்ஜின் தகப்பனார் இப்பொலித் திஸ்தியே.

"எமே, மணி அடிச்சாச்சு. மடைய விடு."

"எந்த மணி? அத பாரிசுல போய்க் கேளு. என் நெழலு இன்னும் கோட்டத் தொடல."

"ஊருக்கெல்லாம் ஒரு மணி, ஒனக்கு மட்டும் தனி மணியா? பெரிய துரை!"

"எனக்குச் சூரியன்தான்யா முறைக்காரன். அதயும் ஏணி போட்டுத் தள்ளிட்டாங்களா?"

இப்போது சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து சீட்டாடியவர்கள். வாரா வாரம் வார்த்தை தடித்தது. வாய்க்கால் சங்கம் கூடியது. முடிவு சொன்னார்கள்: "இனிமேல் மணி வேண்டாம், நிழலே நீதி. அடுத்த வியாழக்கிழமை ஊர் பார்க்க, ஒரு நடுநிலை ஆள் நிழலைப் பார்த்துச் சொல்லட்டும். அதை இரண்டு வீடும் ஏற்க வேண்டும்." நியாயமான முடிவு. எங்கள் வீட்டுக்குச் சாதகமான முடிவும்கூட. இப்பொலித் முனகினார், ஆனாலும் ஒப்புக்கொண்டார். நிழலைப் பார்த்துச் சொல்ல யாரைப் போட்டார்கள்? எஸ்கலியே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடமே ஆன ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரை. என்னை!

இப்பொலித் எப்படி என்னை ஏற்றார்? சொலான்ஜால் ஏற்றார். நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒரே மிதிவண்டியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். அவள்தான் தன் அப்பாவிடம் சண்டை போட்டாள். "அப்பா, ஒதில் எந்த வீட்டுல இருந்தா என்ன? அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்றாள்! இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள்.

ஜூலை பதினைந்து. இதே இடம். இதே சுவர். ஊரே இந்த முற்றத்தில். மடை இங்கிருந்து நூறடி கீழே. அங்கே என் மாமனாரும் இப்பொலித்தும் எதிரெதிராக. நான் சுவரோரம், கையில் ஒரு வெள்ளைத் துண்டு. நிழல் கோட்டைத் தொட்டதும் நான் துண்டை வீச வேண்டும். ஃபிர்மேன் மடையைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. நிழல் கோட்டை நோக்கி ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. ஒரு விரல்கடை இருக்கிறது. அரை விரல்கடை இருக்கிறது.

அப்போது இருட்டியது. ஒரு மேகம்! இரண்டு மாதமாகக் கண்ணில் படாத மேகம், இந்த மலைக்கு மேலே! ஊர் மொத்தமும் அண்ணாந்தது. "மழடோய்! மழ வருது!" என்று கத்தினார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். அழுதார்கள். சுவரில் நிழலே இல்லை. நான் மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பக்கத்தில் சொலான்ஜ். அவளும் மேகத்தைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை பெய்ததா? ஒரு துளி இல்லை. மேகம் விலகியது. வெயில் அடித்தது. நிழல் திரும்பச் சுவரில் விழுந்தது. கோட்டைத் தாண்டி விழுந்தது.

அமைதியாக இருங்கள். சொல்ல விடுங்கள். ஆமாம், தாண்டி விழுந்தது. கீழேயிருந்து என் மாமனார் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, பார்த்தார். எங்கள் அவரைக் கொல்லையில் கடைசி நாலு பாத்திக்கு இன்னும் தண்ணீர் ஏறவில்லை. அந்த வருடம் வீட்டில் விளைந்தது அது ஒன்றுதான். ஃபிர்மேன் கூவினார்: "டீச்சரம்மா! தொட்டுருச்சா?"

நான் சொன்னேன்: "இன்னும் இல்ல."

பச்சைப் பொய். படித்த பெண், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பெண், ஊர் நம்பி நிறுத்திய பெண், இந்தச் சுவருக்கு முன்னால் நின்று சொன்ன பச்சைப் பொய்! அந்தக் கடைசி நாலு பாத்தியும் நனைந்த பிறகுதான் துண்டை வீசினேன். யார் சொல்லியும் செய்யவில்லை. என் மாமனார் கேட்கவில்லை. என் கணவர் அன்று ஊரிலேயே இல்லை. செய்தவள் நான். பழியை வேறு யார் மேலும் போட எனக்கு உரிமை இல்லை.

இப்பொலித்துக்குப் புரிந்துவிட்டது. மண்ணோடு வாழ்ந்த மனிதருக்கு நண்பகல் தெரியாதா? "நேரம் ஆகி எவ்வளவு நேரம் ஆச்சு! என் மாடே தானா கொட்டகைக்குத் திரும்பிருச்சு! இந்தப் பொண்ணு திருடி!" என்று கத்திக்கொண்டு மேலே ஏறி வந்தார். அப்போது அவருக்கு முன்னால் போய் நின்றது யார்? சொலான்ஜ். "அப்பா, ஒதில் பொய் சொல்ல மாட்டா." அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போனார். மண்வெட்டியை ஓங்கி மடைப் பலகையைப் பிளந்தார். தண்ணீர் அவர் கொல்லைக்கும் போகவில்லை, எங்கள் கொல்லைக்கும் போகவில்லை. தெருவில் ஓடியது. வறட்சி ஆண்டில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, தெருவில் ஓடியது.

அன்று மாலை சங்கம் மறுபடி கூடியது. "மணிச் சண்டையும் வேண்டாம், நிழல் சண்டையும் வேண்டாம். தகராறு செய்கிற அந்த ஒரு மணி நேரம், நிழல் பதினொன்றைத் தொட்டதிலிருந்து பன்னிரண்டைத் தொடும்வரை, தண்ணீர் யாருக்கும் இல்லை. பள்ளத்தில் விட்டுவிடுங்கள். இரண்டு வீடும் சம்மதித்தால் ஒழிய இதை மாற்றக் கூடாது." எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் அந்தத் தண்ணீரைப் பள்ளத்தில் விடுகிறோம். பள்ளத்துச் சரளைக்கல் அதைக் குடித்துவிடுகிறது. கீழே இருக்கும் வல்பியேர் வரைக்கும் ஒரு சொட்டுப் போவதில்லை. பாசனக் காலத்தில் இருபத்திரண்டு வியாழக்கிழமை. நாற்பத்தேழு பாசனக் காலம். பூகோள டீச்சருக்குக் கணக்கும் கொஞ்சம் வரும். ஆயிரத்து முப்பத்து நாலு மணி நேரம்! ஒரு பொய்யைக் காப்பாற்ற ஆயிரம் மணி நேரத் தண்ணீரைக் கல்லுக்கு வார்த்திருக்கிறோம்.

சொலான்ஜுக்கு என்ன ஆனது? மகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றார் இப்பொலித். இலையுதிர் காலத்தில் அவள் ஒரு பெட்டியோடு மார்செய் போனாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் நாற்பத்தோரு வருடம். அப்பாவை அடக்கம் செய்ய வந்தவள், ஆறு வருடமாக இங்கேயே இருக்கிறாள். ரொட்டி வாங்க என் வீட்டைத் தாண்டித்தான் போகிறாள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒரு நாள்கூடக் கதவைத் திறந்து கூப்பிட எனக்குத் துப்பில்லை.

இரண்டு வாரம் முன்பு வல்பியேரிலிருந்து ரெமி வந்தார். இதோ, கைகட்டி நிற்கிறாரே, அவர்தான். அவர்கள் ஊற்று வற்றி இது இரண்டாவது கோடை. குடிக்க மட்டும் லாரியில் தண்ணீர் வருகிறது. முந்நூறு ஆப்பிள் மரம். பிஞ்சு சுண்டைக்காய் அளவில் உதிர்கிறது. அவர் என் சமையலறையில் உட்கார்ந்து கேட்டார்.

"டீச்சர், அந்தத் தண்ணிய யாருமே எடுக்கல. கல்லுல ஊத்துறீங்க. அத எங்களுக்கு விட்டா ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோகும்? பழைய இணைப்பு வாய்க்கால நாங்களே வெட்டிச் சுத்தம் பண்ணிட்டோம். ரெண்டு வீட்டுச் சம்மதம் மட்டும்தான் பாக்கி."

"திஸ்தியே வீட்டுல கேட்டியாப்பா?"

"கேட்டேன். அந்தம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. 'மொதல்ல ஒதில் என்ன சொல்றாளோ, ஊர் முன்னாடி சொல்லட்டும். அப்பறம் நான் சொல்றேன்.'"

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். தண்ணீரைக் கொடு என்று அவர் கேட்டார். ஆனால் அந்தத் தண்ணீர் என் பொய்யின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பொய்யை அப்படியே வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி, "எஸ்கலியே குடும்பம் தானம் செய்கிறது" என்று இந்த மேடையில் கைதட்டு வாங்க முடியுமா? முடியும். யாருக்கும் தெரியாது. முந்நூறு மரம் பிழைக்கும். ஆனால் தானம் என்றால் நம் பொருளைக் கொடுப்பது. யாரிடமிருந்து திருடினேனோ அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் பங்கையும் சேர்த்து நான் எப்படித் தானம் செய்வது?

ஆகவே, அவையோரே! தாய்மார்களே! ஷாந்த்மோரில் நான் பாடம் சொன்ன அத்தனை பேரே! இன்று ஒதில் எஸ்கலியே சொல்கிறாள், கேளுங்கள். இப்பொலித் திஸ்தியே சொன்னது உண்மை. அந்தப் பொண்ணு திருடி. அவர் கல்லறைக்கு நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். செத்தவரிடம் சொல்வது சுலபம். இருப்பவளிடம் சொல்வதுதான் கஷ்டம். சொலான்ஜ், நீ எனக்காகப் பொறுப்பேற்றாய். அதற்கு நான் உனக்குக் கொடுத்தது நாற்பத்தோரு வருட நாடு கடத்தல். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நிழல் கோட்டைத் தாண்டித்தான் இருந்தது. எவ்வளவு தாண்டியிருந்தது என்பதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. அது...

யார்? யார் பேசியது? மைக்கை நிறுத்துங்கள், சத்தம் வருகிறது. யார் அது?

சொலான்ஜா?

என்ன சொன்னாய்? சத்தமாகச் சொல், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

"ரெண்டு வெரக்கடை" என்கிறாள்.

ஐயா, இரண்டு விரல்கடைதான். சரியாக இரண்டு விரல்கடை. அது உனக்கு எப்படி... நீ மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயே!

"ஊரெல்லாம் மேகத்தப் பாத்துச்சு. நான் ஒன்னத்தான்டி பாத்தேன். அப்பறம் செவத்தப் பாத்தேன்" என்கிறாள். கேட்டீர்களா? தெரிந்திருக்கிறது! அன்றே தெரிந்திருக்கிறது! தெரிந்தே அப்பாவுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள்! ஏன் சொலான்ஜ்? ஏன் நீ வாயைத் திறக்கவில்லை?

கொஞ்சம் பொறுங்கள். என்னால்... தண்ணீர் இருக்கிறதா? நன்றி தலைவரே.

அவள் சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். "ஊரு நடுவுல ஒன்னப் பொய்க்காரின்னு சொல்ல எனக்கு மனசு வரல. சாயங்காலத்துக்குள்ள நீயே வந்து சொல்லிருவேன்னு இருந்தேன். அப்பறம் மறுநாள் சொல்லுவேன்னு இருந்தேன். பஸ் ஏறுறப்போகூட ஒன் வீட்டுக் கதவப் பாத்துட்டுத்தான் ஏறுனேன். வந்த பிறகும் தெனம் ரொட்டி வாங்க அந்தப் பக்கமாத்தான் போனேன். எனக்கு அந்தக் கடை ரொட்டி புடிக்கவே புடிக்காது. கதவ நீதான்டி தெறக்கல."

சிரியுங்கள், அழுங்கள், எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். எனக்கு இரண்டும் சேர்ந்து வருகிறது.

தலைவர் அவர்களே! தீர்மானத்தைப் படியுங்கள். வியாழக்கிழமைதோறும் நிழல் பதினொன்றைத் தொட்டதிலிருந்து பன்னிரண்டைத் தொடும்வரை, தண்ணீர் வல்பியேருக்கு. எஸ்கலியே வீட்டின் சார்பில் இதோ என் கை. எழுபத்தொரு வயதுக் கை, தூக்கியாயிற்று. திஸ்தியே வீட்டுக் கை...

அவள் எழுந்து நிற்கிறாள். கையில் தொப்பியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். "எழுதிக்குங்க தலைவரே, ரெண்டு வீடும் சம்மதம்" என்கிறாள். வல்பியேர் சகோதரர்களே, ஏன் அப்படியே நிற்கிறீர்கள்? ரெமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மடைக்கு ஓடுங்கள்! இன்றைக்கே வியாழக்கிழமைதான்! யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அது பாரிஸ் நேரம். நமக்கு நேரம் சொல்ல இந்தச் சுவர் இருக்கிறது. பதினொன்று ஆகப் போகிறது.

நொயேமி அம்மையார் அவர்களே, காண வேண்டிய இடங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நீங்கள் மாட்டியிருக்கும் பலகையில் எந்த நூற்றாண்டு, எவ்வளவு உயரம் என்றெல்லாம் எழுதியிருக்கும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே வருகிற பயணி ஒருவன் கேட்டால், இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மலையில் தண்ணீர் மேலிருந்து கீழே தானாகப் போவதில்லை. மேலே ஒருத்தி உண்மையைச் சொன்னால்தான் போகிறது. அதைச் சொல்ல எனக்கு நாற்பத்தேழு ஆண்டு பிடித்தது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு மடை அடைத்துக் கிடந்தால், என்னைப் போல் இவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள்.

என் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பொரித்ததை ஆற விட்ட தாய்மார்களுக்கும், மண்வெட்டியோடு வந்த அண்டை ஊராருக்கும், வயிற்றுக் கலக்கத்தை மறந்து அழுதுகொண்டிருக்கும் மார்செய் விருந்தினருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. பலகையின் துணியை வேறு யாராவது இழுத்துவிடுங்கள். எனக்கு இன்னும் ஒரு வேலைதான் பாக்கி.

சொலான்ஜ், மேலே வா. படி மூன்றுதான், என் கையைப் பிடித்துக்கொள். இந்தா, வெள்ளைத் துண்டு. ரெமி மடையில் நிற்கிறார். இன்றைக்கு முறைக்காரி நீ. நிழல் தொட்டதும் வீசு. தொட்டால் தொட்டது, தொடவில்லை என்றால் தொடவில்லை.

என்ன? என்ன சொல்கிறாய்?

"கொஞ்சம் நகருடி, நீதான் மறைக்கிற" என்கிறாள். நகர்ந்துவிட்டேன், அவையோரே. எல்லோருக்கும் வணக்கம்.